துணிப்பையை 20,000 முறை பயன்படுத்தணுமா? ஒரு பொருளின் ‘சுற்றுச்சூழல் ஜாதகம்’ கணிக்கப்படுவது எப்படி?

"ஒரு பருத்தித் துணிப்பையை 20,000 முறை பயன்படுத்தினால்தான், அது பிளாஸ்டிக் பையைவிட சுற்றுச்சூழலுக்கு நல்லது." இப்படி ஒரு தகவலை சமூக வலைதளங்களில் நீங்களும் பார்த்திருக்கலாம். தினமும் ஒருமுறை கடைக்குப் போனால்கூட, 20,000 முறை ஆவதற்கு 54 வருஷத்துக்கும் மேல் ஆகும். அப்போ மஞ்சப்பை எடுத்துக்கிட்டு கடைக்குப் போறதெல்லாம் வீண் வேலையா?

இந்த எண் யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்லை. டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, 2018 பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வறிக்கையில் இருப்பது. டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கணக்கிட்டது. இயற்கை வேளாண்மையில் விளைந்த பருத்தியில் செய்த பைக்குத்தான் அந்த 20,000.

ஆனால் ஃபார்வர்டு செய்திகளில் வராத இன்னொரு எண்ணும் அதே அறிக்கையில் இருக்கிறது: 149. புவி வெப்பமயமாதலை மட்டும் கணக்கில் எடுத்தால், அதே பையை 149 முறை பயன்படுத்தினாலே போதும். சாதாரண பருத்திப் பை என்றால் 52 முறை. வாரம் ஒருமுறை சந்தைக்கு எடுத்துப் போனால், ஒரே வருஷத்தில் கணக்கு நேராகிவிடும்.

ஒரே பை, ஒரே ஆய்வு. ஆனால் ஒரு பக்கம் 149, இன்னொரு பக்கம் 20,000. இதில் எது சரி என்றால், இரண்டுமே சரிதான்! இந்தக் குழப்பம் எப்படி வருகிறது என்பது புரிந்தால், இன்று ஐரோப்பா முதல் திருப்பூர் வரை ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்ற வார்த்தையை வைத்து நடக்கும் மோதலும் புரிந்துவிடும்.

அப்படி என்ன கணக்கு இது?

இதற்குப் பெயர் வாழ்க்கைச் சுழற்சி மதிப்பீடு. ‘லைஃப் சைக்கிள் அசெஸ்மென்ட்’, சுருக்கமாக எல்சிஏ. ஒரு பொருள் பிறந்ததிலிருந்து குப்பைக்குப் போய்ச் சேரும் வரை, வழியெல்லாம் அது என்னென்ன எடுத்துக்கொண்டது, என்னென்ன வெளியே விட்டது என்று எழுதும் ஜாதகம் என்று வைத்துக்கொள்ளலாம்.

துணிப்பைக்கு ஜாதகம் எழுத வேண்டுமென்றால், பருத்திக் காட்டிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். செடிக்குப் போட்ட உரம், பாய்ச்சிய தண்ணீர், மோட்டாருக்கு ஆன மின்சாரம், பஞ்சை நூலாக்கிய மில், நெசவு, சாயம், தையல், லாரி வாடகையில் எரிந்த டீசல், கடைசியில் கிழிந்து குப்பைக்குப் போனது வரை எல்லாமே கணக்கில் வரும். பிளாஸ்டிக் பைக்கு அந்தக் கதை கச்சா எண்ணெயிலோ இயற்கை எரிவாயுவிலோ தொடங்கும்.

இப்படி எழுதிய பட்டியலில் நூற்றுக்கணக்கான பொருட்கள் இருக்கும். அதை அப்படியே கொடுத்தால் யாருக்கும் புரியாது. அதனால் பாதிப்பு வாரியாகப் பிரித்து மாற்றுவார்கள். உதாரணமாக, 1 கிலோ மீத்தேன் வாயு, 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் சுமார் 28 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். இப்படி எல்லா வாயுக்களையும் ஒரே அலகுக்குக் கொண்டு வந்து ‘காலநிலை’ என்ற தலைப்பில் கூட்டுவார்கள். தண்ணீர்ப் பயன்பாடு, நில பயன்பாடு, ஓசோன் படலச் சேதம், அமில மழை, நீர்நிலைகளில் பாசி பெருகுவது என ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கூட்டல்.

இதில் ரொம்ப முக்கியமான ஒரு விதி உண்டு. பையையும் பையையும் நேராக ஒப்பிடக்கூடாது. அது செய்யும் வேலையை ஒப்பிட வேண்டும். டென்மார்க் ஆய்வில் அந்த வேலை என்ன தெரியுமா? ‘சராசரியாக 22 லிட்டர் கொள்ளளவு, 12 கிலோ எடையுள்ள மளிகைச் சாமானை சூப்பர் மார்க்கெட்டிலிருந்து ஒரு தடவை வீட்டுக்குக் கொண்டு வருவது’. கேட்கச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கணக்கைப் புரட்டிப் போட்டதில் இதற்கும் பங்கு இருக்கிறது.

20,000 எங்கிருந்து வந்தது?

முதலில், ஆய்வில் எடுத்த இயற்கைப் பருத்திப் பை கொஞ்சம் சின்னது. 22 லிட்டர் சாமான் அதில் கொள்ளாது. அதனால் ஒரு பைக்குப் பதில் இரண்டு பை வாங்க வேண்டும் என்று கணக்கு போட்டார்கள். அங்கேயே பாதிப்பு இரட்டிப்பாகிவிட்டது. இயற்கை வேளாண்மையில் விளைச்சல் குறைவு என்பதும் சேர்ந்துகொண்டது.

அடுத்தது, 20,000 என்பது ‘எல்லாத் தலைப்பிலும் பிளாஸ்டிக்கை ஜெயிக்க வேண்டும்’ என்ற நிபந்தனைக்கான எண். பத்துப் பாடத்தில் ஒன்பதில் நல்ல மார்க் வாங்கி, ஒன்றில் கோட்டை விட்டாலும், அந்த ஒன்றை வைத்துத்தான் ரிசல்ட் என்பது போல. பருத்தி கோட்டை விட்ட பாடம் ஓசோன் படலச் சேதம். சாதாரண பருத்திப் பைக்கு இதே நிபந்தனையில் வந்த எண் 7,100.

மூன்றாவதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். எதிர்ப்பக்கம் நின்ற பிளாஸ்டிக் பை எப்படிப்பட்டது? கொஞ்சம் தடிமனான சூப்பர் மார்க்கெட் பை. அது வீட்டுக்கு வந்ததும் குப்பைத் தொட்டிக்கு உறையாகப் பயன்படுகிறது. பிறகு குப்பையோடு சேர்ந்து எரிஉலைக்குப் போகிறது. அங்கே அது எரியும்போது கிடைக்கும் வெப்பமும் மின்சாரமும் பிளாஸ்டிக் பையின் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பை தெருவிலோ கடலிலோ கிடப்பது? டென்மார்க்கில் அது மிகக் குறைவு என்று சொல்லி, ஆய்வாளர்கள் அதைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

அவர்கள் ஊருக்கு அது நியாயமான அனுமானமாக இருக்கலாம். நம்ம ஊருக்கு? 2019 அக்டோபரில் சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவப் பல்கலைக்கழக மருத்துவர்கள், ஒரு பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுவை சிகிச்சை செய்து எடுத்தார்கள். மழை வந்தால் கால்வாய் அடைப்பில் என்ன சிக்கியிருக்கும் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. டென்மார்க் கணக்கில் இதற்கெல்லாம் கட்டமே கிடையாது.

தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை அமலுக்கு வந்தது. ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் 2021 டிசம்பரில் தொடங்கியது. இரண்டுக்கும் முக்கியமான காரணம், கார்பன் கணக்கு இல்லை. கண்ணுக்கு முன்னால் குவியும் குப்பை. ஆக, டென்மார்க் எண்ணைக் காட்டி மஞ்சப்பையைக் கிண்டல் செய்வது, மாம்பழத்துக்குக் கேட்ட விலையைத் தேங்காய்க்குச் சொல்வது மாதிரி.

அதற்காகத் துணிப்பைக்கு பாதிப்பே இல்லை என்று அர்த்தமா? அதுவும் இல்லை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011-ல் வெளியிட்ட ஆய்வில், மெல்லிய பிளாஸ்டிக் பையைவிட காலநிலைக் கணக்கில் நல்ல பெயர் எடுக்க, காகிதப் பையை 3 முறையும் பருத்திப் பையை 131 முறையும் பயன்படுத்த வேண்டும் என்று வந்தது. உலகம் முழுக்க வந்த ஆய்வுகளைத் தொகுத்து ஐ.நா. சுற்றுச்சூழல் திட்டம் 2020-ல் வெளியிட்ட அறிக்கை, காலநிலைக்கு 50 முதல் 150 முறை என்கிறது. கல்யாண வீட்டில் ஒன்று, துணிக்கடையில் ஒன்று, கண்காட்சியில் ஒன்று என்று வாங்கி வாங்கி கதவுக்குப் பின்னால் பத்து பை தொங்கிக்கொண்டிருந்தால், அந்தப் பத்தும் நஷ்டக் கணக்குதான். ஒரே பையைக் கிழியும் வரை எடுத்துப் போகிறவர் ஜெயிப்பார்.

இதை ஆரம்பித்தது யார்?

கோகோ கோலா! 1969-ல், கண்ணாடி பாட்டிலை விட்டு வேறு வகைக்கு மாறலாமா என்று யோசித்த அந்த நிறுவனம், அமெரிக்காவின் மிட்வெஸ்ட் ரிசர்ச் இன்ஸ்டிடியூட்டிடம் ஒரு ஆய்வைக் கொடுத்தது. எந்த வகை பாட்டிலுக்கு எவ்வளவு மூலப்பொருள், எவ்வளவு எரிசக்தி, எவ்வளவு கழிவு என்பதுதான் கேள்வி. எல்சிஏ-வின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்றாக இன்றும் சொல்லப்படும் அந்த ஆய்வின் முழு அறிக்கை பொதுவெளிக்கு வரவே இல்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1990-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் குழந்தைகளுக்கான டயப்பர் சண்டை மூண்டது. டயப்பர் தயாரிக்கும் பி அண்ட் ஜி நிறுவனம் காசு கொடுத்து நடத்திய ஆய்வு, தூக்கி எறியும் டயப்பர் ஒன்றும் மோசமில்லை என்றது. துணி டயப்பரைத் துவைத்துக் கொடுக்கும் தொழில் செய்பவர்களின் சங்கம் காசு கொடுத்து நடத்திய ஆய்வு, துணிதான் நல்லது என்றது. எத்தனை முறை துவைப்பது, எவ்வளவு வெந்நீர், ஒரு நாளைக்கு எத்தனை டயப்பர் என்ற அனுமானங்களைக் கொஞ்சம் நகர்த்தினாலே விடை மாறிவிடும். யார் காசு கொடுத்தார்களோ அவர்கள் பக்கம் முடிவு சாய்வதை மக்களும் கவனிக்கத் தொடங்கினார்கள்.

இப்படியே போனால் இந்தக் கணக்கையே யாரும் நம்ப மாட்டார்கள் என்ற நிலையில்தான், சர்வதேச அளவில் விதிமுறை எழுதும் வேலை வேகமெடுத்தது. சர்வதேச தரநிலை அமைப்பான ஐஎஸ்ஓ, 1997-ல் ஐஎஸ்ஓ 14040 தரநிலையைக் கொண்டு வந்தது. 2006-ல் அதைத் திருத்தி, 14044 என்ற துணைத் தரநிலையையும் சேர்த்தது. இன்று உலகில் நடக்கும் எல்சிஏ ஆய்வுகளுக்கு இந்த இரண்டும்தான் அடிப்படை.

ஐஎஸ்ஓ ஒரு பக்கம், ஐரோப்பா ஒரு பக்கம்

ஐஎஸ்ஓ விதிகளில் இரண்டு விஷயம் சுவாரசியமானது. ‘என் பொருள் அவன் பொருளைவிட நல்லது’ என்று பொதுமக்களிடம் சொல்ல வேண்டுமானால், அந்த ஆய்வைக் குறைந்தது மூன்று பேர் கொண்ட குழு பரிசீலித்திருக்க வேண்டும். அது மட்டுமில்லை, அப்படிப்பட்ட ஒப்பீட்டில் எல்லா பாதிப்புகளையும் ஒன்றாகக் கலந்து ஒரே மதிப்பெண்ணாகக் கொடுக்கக்கூடாது.

ஏன் கூடாது? ஓசோன் சேதம் பெரிதா, தண்ணீர்ப் பற்றாக்குறை பெரிதா என்பதற்கு அறிவியலில் விடை இல்லை. அது யாருக்கு எது முக்கியம் என்பதைப் பொறுத்தது. ராமநாதபுரத்தில் இருப்பவருக்கும் கோபன்ஹேகனில் இருப்பவருக்கும் ஒரு குடம் தண்ணீரின் மதிப்பு ஒன்றாக இருக்குமா?

ஐரோப்பிய ஒன்றியம் வேறு வழியில் போனது. கடைக்கு வருகிறவர் பதினாறு கட்டம் கொண்ட அட்டவணையைப் படித்துக்கொண்டிருக்க மாட்டார், அவருக்கு ஒரு எண் வேண்டும் என்பது அவர்கள் வாதம். 2013-ல் அறிமுகம் செய்து 2021-ல் புதுப்பித்த ‘பொருளின் சுற்றுச்சூழல் தடம்’ என்ற முறையில் 16 பாதிப்புகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் எடை போட்டு, கூட்டி ஒரே மதிப்பெண் தருகிறார்கள். காலநிலைக்கு 21.06 சதவீதம், தண்ணீர்ப் பயன்பாட்டுக்கு 8.51 சதவீதம், ஓசோனுக்கு 6.31 சதவீதம். டென்மார்க் ஆய்வில் தனியாளாக நின்று 20,000 என்று சொல்ல வைத்த ஓசோன், இந்த முறையில் பதினாறில் ஒன்றாகக் கரைந்துவிடும்.

இந்தப் பதினாறில் இல்லாதது ஒன்று உண்டு: மைக்ரோபிளாஸ்டிக். பாலியஸ்டர் துணியைத் துவைக்கும்போது உதிரும் நுண்ணிய இழைகள் நேரடியாக மதிப்பெண்ணைத் தொடாது. இந்த ஓட்டையைத்தான் பிரான்ஸ் தன் பங்குக்கு அடைக்கப் பார்த்திருக்கிறது. அங்கே 2025 அக்டோபர் 1 முதல், ஆடைகளில் ‘சுற்றுச்சூழல் செலவு’ என்று ஒரு புள்ளி எண்ணை நிறுவனங்கள் விரும்பினால் அச்சிடலாம். புள்ளி கூடினால் பாதிப்பு கூடுதல் என்று அர்த்தம். ஐரோப்பிய முறையை அடிப்படையாக வைத்துக்கொண்டு, நுண்ணிழைகளையும் ஆடை எவ்வளவு காலம் உழைக்கும் என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். வாரத்துக்கு ஒரு புது டிசைன் இறக்கும் மலிவு ஆடை நிறுவனங்களுக்குத்தான் இதில் அடி விழும்.

அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான இப்படி ஒரு லேபிள் இல்லை. அங்கே அரசு வாங்கும் பொருட்களின் வழியாக வருகிறார்கள். கலிஃபோர்னியா மாகாணம் 2017-ல் போட்ட சட்டப்படி, அரசுக் கட்டுமானத்துக்கு வாங்கும் எஃகு, கண்ணாடி போன்றவற்றுக்கு கார்பன் உச்சவரம்பு உண்டு.

இந்தியாவில்? ‘ஈகோமார்க்’ என்ற முத்திரை 1991 முதலே இருக்கிறது. ஆனால் கடையில் அதைப் பார்த்தவர்கள் குறைவு. 2024 செப்டம்பரில் அதற்குப் புதிய விதிகள் வந்தன. அடுத்த மாதமே, பொய்யான பசுமை விளம்பரங்களைத் தடுக்க மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ‘ஈகோ ஃப்ரெண்ட்லி’, ‘கிரீன்’ என்று போட்டால் அதற்கான ஆதாரத்தையும் காட்ட வேண்டும் என்கிறது அது.

பாலியஸ்டர் பாஸ், பருத்தி ஃபெயில்?

இந்தக் கணக்கு எவ்வளவு பெரிய விவகாரம் ஆகும் என்பதற்கு 2022-ல் நார்வேயில் நடந்தது ஒரு உதாரணம். பெரிய ஆடை நிறுவனங்கள் சேர்ந்து உருவாக்கிய ‘ஹிக் இண்டெக்ஸ்’ என்ற அளவுகோல், எந்தத் துணிக்கு எவ்வளவு பாதிப்பு என்று மதிப்பெண் போட்டு வந்தது. அதில் பாலியஸ்டருக்கு நல்ல பெயர். பருத்தி, கம்பளி, பட்டு எல்லாம் பின்தங்கின. அந்த அளவுகோலை வைத்து நார்வேயின் ‘நோரோனா’ நிறுவனம் செய்த விளம்பரம் வாங்குபவர்களைத் தவறாக வழிநடத்துகிறது என்று அந்நாட்டு நுகர்வோர் ஆணையம் 2022 ஜூனில் சொன்னது. ‘எச் அண்ட் எம்’ நிறுவனத்துக்கும் எச்சரிக்கை போனது.

ஆணையம் சொன்ன காரணம் எளிமையானது. மதிப்பெண் கொடுத்தது உலக சராசரிக்கு. கடையில் தொங்கும் அந்தக் குறிப்பிட்ட சட்டைக்கு இல்லை. மானாவாரியில் விளைந்த பருத்தியா, ஆற்றை வற்ற வைத்து விளைந்த பருத்தியா என்பது சராசரிக்குத் தெரியாது. சர்ச்சைக்குப் பிறகு, வாங்குபவர்களிடம் அந்த மதிப்பெண்ணைக் காட்டும் திட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

இதில் திருப்பூருக்கு என்ன?

நாட்டின் பின்னலாடை ஏற்றுமதியின் தலைநகரம் திருப்பூர். ஐரோப்பா அதன் முக்கியமான சந்தை. அங்கே 2026 செப்டம்பர் 27 முதல் அமலுக்கு வரும் நுகர்வோர் சட்டத்தின்படி, ஆதாரம் இல்லாமல் ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’ என்று பொத்தாம் பொதுவாகச் சொல்லி விற்க முடியாது. அப்படியென்றால் ஐரோப்பிய நிறுவனம் ஆதாரத்தை எங்கே தேடும்? துணியைத் தைத்து அனுப்பியவரிடம்தான் கேட்கும்.

இங்கேதான் சிக்கல். நொய்யல் ஆறு சாயக்கழிவால் நாசமான கதை தமிழ்நாட்டுக்கே தெரியும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் நூற்றுக்கணக்கான சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அதன் பிறகு, ஒரு சொட்டு கழிவுநீரையும் வெளியே விடாத ‘ஜீரோ டிஸ்சார்ஜ்’ சுத்திகரிப்பு நிலையங்களோடுதான் தொழில் நடக்க வேண்டும் என்ற நிலை உறுதியானது. கழிவுநீரைச் சவ்வு வழியாகத் தள்ளி, மீதியைக் கொதிக்க வைத்து ஆவியாக்கி, கடைசியில் உப்பைத் தனியாகப் பிரிக்கிறார்கள். தண்ணீர் திரும்பவும் சாயத்துக்கே போகிறது.

ஆனால் இந்த வேலைக்கு மின்சாரமும் நீராவியும் ஏராளமாக வேண்டும். அதாவது, ஆற்றைக் காப்பாற்றுவதற்காக ஒரு பட்டறை செய்யும் செலவு, அதன் கார்பன் கணக்கில் பாவமாக ஏறுகிறது. கழிவை அப்படியே ஆற்றில் திறந்துவிடும் வேறு ஊர்ப் பட்டறைக்கு அந்த மின்சாரச் செலவு இல்லை. வெறும் கார்பனை மட்டும் பார்த்தால், ஆற்றைக் கெடுத்தவன் நல்லவனாகத் தெரிவான். நீர் மாசுபாட்டுக்கும் கட்டம் இருக்கும் கணக்கில்தான் திருப்பூரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியும்.

கட்டம் இருந்தால் மட்டும் போதாது, அதில் எழுதும் எண்ணும் திருப்பூருடையதாக இருக்க வேண்டும். இங்குள்ள பல நிறுவனங்கள் சொந்தமாகக் காற்றாலை வைத்திருக்கின்றன. ஆனால் ஒரு ஆய்வாளர் கையில் அந்தப் பட்டறையின் அளவீடு இல்லாவிட்டால், தகவல் தொகுப்பில் இருக்கும் சராசரியை எடுத்துப் போட்டுவிடுவார். ஐரோப்பிய முறையும் இதை அனுமதிக்கிறது: நேரடி அளவீடு கிடைக்காத இடத்தில் ஏற்கெனவே இருக்கும் தொகுப்புத் தரவைப் பயன்படுத்தலாம். அந்தச் சராசரியில் காற்றாலையும் வராது, மறுசுழற்சி செய்த தண்ணீரும் வராது.

பெரிய ஏற்றுமதி நிறுவனங்கள் இதற்கென ஆள் வைத்து, மீட்டர் அளவையும் தண்ணீர் அளவையும் பதிவு செய்து அனுப்பிவிடும். அவர்களுக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள்தான் திருப்பூரில் அதிகம். ஒரே மின் இணைப்பில் பல பேருடைய ஆர்டர் ஓடும் இடத்தில், ‘இந்த ஒரு டி-ஷர்ட்டுக்கு எவ்வளவு மின்சாரம், எத்தனை லிட்டர் தண்ணீர்?’ என்று கேட்டு ஒரு படிவம் வந்தால், அதை யார் நிரப்புவது, அந்த வேலைக்கு யார் கூலி கொடுப்பது என்று எந்த ஐஎஸ்ஓ தரநிலையும் சொல்லவில்லை.